ஏலத்தில் ஓங்கும் குரல் சங்கக் கூட்டத்தில் ஏன் எடுபடுவதில்லை?

கடலோரச் செல்வி, காசிமேடு
ஞாயிறு, இரவு 9:40

போன வாரம் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டம் நடந்தது. அதில் நடந்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இங்கே படித்தவர்களும் அனுபவசாலிகளும் இருக்கிறீர்கள், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். மீன் விற்கிறவர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து துறைமுகத்துக்குப் போவார். நானும் பலமுறை கூடப் போயிருக்கிறேன். போட்டிலிருந்து கூடை இறங்கியதும் சுற்றிலும் ஆட்கள் முண்டியடிப்பார்கள். ஆணும் பெண்ணும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிற இடம் அது. அத்தை குனிந்து ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். நிமிரும்போதே விலை சொல்லிவிடுவார். எதிரில் ஆறடி ஆள் ஐம்பது ரூபாய் ஏற்றிக் கேட்டால், அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் இன்னும் நூறு ஏற்றுவார். குரல் அந்தக் கூரைக்கு வெளியே கேட்கும். "கன்னியம்மா கேட்டா அதுக்கு மேல அந்தக் கூடையில ஒண்ணும் இல்ல" என்று மற்ற வியாபாரிகள் ஒதுங்கிப்போவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். எங்கள் பிளாக்கில் ஒரு மாதமாக மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. புது மோட்டார் வாங்க வேண்டும், வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் போடுங்கள் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. ஆண்கள் நாற்காலியில், பெண்கள் பின்னால் பாயில். அத்தை பாயிலிருந்தே சொன்னார்: "மோட்டார் நல்லாதான் ஓடுது. ராத்திரி சம்ப்புக்குள்ள தண்ணி திரும்பி விழுற சத்தம் கேக்குது. ஃபுட் வால்வைப் பாருங்க." சம்ப் என்கிற தரையடித் தொட்டிக்குள் இறங்குகிற குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்ப விழாமல் தடுப்பதுதான் ஃபுட் வால்வு. மூன்று மணிக்கு எழுகிறவர் அவர் ஒருவர்தானே, அந்தச் சத்தம் வேறு யாருக்குக் கேட்கும்?

யாரும் திரும்பவில்லை. ஒருவர் மட்டும் "சரிம்மா, இருங்க" என்றார். பத்து நிமிடம் கழித்து இரண்டாம் மாடி ஆள் ஒருவர், "எதுக்கும் ஃபுட் வால்வை ஒருதடவை பார்த்துடலாமே" என்றார். உடனே எல்லோரும் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நோட்டில் அவர் பெயரோடு தீர்மானம் எழுதினார்கள்.

வால்வுதான் கெட்டிருந்தது. முந்நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

அத்தைக்குக் கோபம்கூட இல்லை, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், ஏன் அத்தை திரும்பச் சொல்லவில்லை என்று. "அது அவங்க இடம்மா" என்றார். காசிமேட்டில் யார் இடம் என்று பார்த்தா விலை கேட்கிறார்? ஒரே மனுஷி, ஒரே குரல். இடம் மாறினால் ஏன் இப்படி ஆகிறது?

—

வியாசை பாரதி, வியாசர்பாடி
ஞாயிறு, இரவு 11:05

செல்வி அக்கா, நான் சமூகவியல் முதுகலை படிக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வியைச் சமூகவியலில் அறுபது, எழுபது வருடமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1950 வாக்கில் ஹார்வர்டில் ராபர்ட் பேல்ஸ் என்பவர், முன்பின் தெரியாத சிலரை ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு பிரச்சினையைக் கொடுத்துப் பேசச் சொன்னார். யார் எத்தனை முறை பேசினார், யாரைப் பார்த்துப் பேசினார் என்று குறித்துக்கொண்டே வந்தார். யாருக்கும் பதவி இல்லை, எல்லோரும் சமம்தான். ஆனால் சீக்கிரமே ஒரு வரிசை உருவாகிவிட்டது. ஒருவர் நிறையப் பேசுகிறார், மற்றவர்கள் அவரைப் பார்த்தே பேசுகிறார்கள், சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள்.

அந்த வரிசை எங்கிருந்து வருகிறது என்று ஸ்டான்ஃபோர்டில் ஜோசப் பெர்கர், பெர்னார்ட் கோஹன், மோரிஸ் செல்டிச் மூவரும் ஒரு கோட்பாடு கட்டினார்கள். எதிர்பார்ப்பு நிலைக் கோட்பாடு என்று வகுப்பில் சொல்லுவோம். சுருக்கம் இதுதான்: ஒரு கூட்டத்தில் உட்காரும்போது யார் உருப்படியாகச் சொல்வார் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறோம். ஆள் யார் என்று தெரியாதபோது கண்ணுக்குத் தெரிகிற அடையாளத்தை வைத்துப் போடுகிறோம். ஆணா பெண்ணா, படித்தவரா, என்ன வேலை, எந்தத் தெரு. எடுத்துக்கொண்ட விஷயத்துக்கும் அந்த அடையாளத்துக்கும் சம்பந்தமே இருக்க வேண்டியதில்லை. சம்பந்தம் இல்லை என்று யாராவது எடுத்துக்காட்டும்வரை அது இருப்பதாகவே எல்லோரும் நடந்துகொள்வார்கள். இதுதான் அந்தக் கோட்பாட்டின் முக்கியமான இடம். தனக்கும் வால்வுக்கும் சம்பந்தம் உண்டு என்று நிரூபிக்கிற சுமை உங்கள் அத்தை தலையில். இரண்டாம் மாடிக்காரருக்கு அந்தச் சுமை கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கணக்கை ஆண்கள் மட்டும் போடுவதில்லை, பாயில் உட்கார்ந்திருக்கிற பெண்களும் அதையேதான் போடுகிறார்கள். "அது அவங்க இடம்" என்று அத்தை சொன்னாரே, அந்தச் சொல்லிலேயே எல்லாம் இருக்கிறது. காசிமேட்டில் அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். இருபது முப்பது வருடம் அவர் சொன்ன விலை சரியாக இருந்திருக்கிறது. அங்கே அடையாளத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, கைத்திறன் தெரிந்துவிட்டது.

—

பெரம்பூர் செயலர்
திங்கள், காலை 6:50

அம்மா செல்வி, தம்பி பாரதி, இருவர் எழுதியதையும் படித்தேன். ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பதினோரு வருடமாக ஒரு குடியிருப்புச் சங்கத்தின் செயலராக இருக்கிறேன், அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

1918இல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் திரு.வி.க.வும் வாடியாவும் முன்னின்ற சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார்கள். எங்கள் தாத்தாக்கள் சங்கத்திலேயே வளர்ந்தவர்கள். கூட்டத்தில் ஒருவர் வாயை அடைப்பது எங்களுக்குப் பழக்கம் இல்லை. எங்கள் சங்கத்தில் எந்தப் பெண்ணையும் பேச வேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை. "பேசுங்கள் அம்மா" என்று கேட்கவும் செய்கிறேன். சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் காட்டுகிறார்கள். இதற்கு நான் என்ன செய்ய முடியும்? சிலருக்குக் கூச்சம், சிலருக்கு வீட்டில் அடுப்பில் குழம்பு. எல்லாவற்றையும் அந்தஸ்து என்று சொன்னால் எங்களைப் போன்றவர்களைக் குற்றவாளி ஆக்குவது போல இருக்கிறது.

—

கடலோரச் செல்வி
திங்கள், காலை 7:30

ஐயா, நீங்கள் யாரையும் தடுக்கவில்லை என்பதை நம்புகிறேன். எங்கள் செயலரும் தடுக்கவில்லை. ஆனால் கூச்சம் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. கூச்சம் என்றால் அது ஆளோடு போகும், காசிமேட்டுக்கும் வரும். என் அத்தைக்குக் காலை நான்கு மணிக்கு இல்லாத கூச்சம் மாலை ஏழு மணிக்கு எங்கிருந்து வருகிறது?

—

மணலி ஷிஃப்ட்காரன்
திங்கள், பகல் 2:15

பேச்சில் நடக்கிற குறுக்கீடுகளில் 96 சதவீதம் ஆண்கள் செய்வது என்று ஓர் ஆய்வு இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லையே? எங்கள் ஷிஃப்ட் கூட்டத்தில் புதிதாக வந்த பெண் பொறியாளரை நாங்களே எத்தனை முறை முடிக்க விடாமல் பேசியிருப்போம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

—

வியாசை பாரதி
திங்கள், மாலை 5:40

அண்ணா, அது 1975இல் டான் ஜிம்மர்மனும் கேண்டஸ் வெஸ்டும் செய்தது. ஆணும் பெண்ணும் பேசிய உரையாடல்களில் 48 குறுக்கீடுகளை எண்ணினார்கள், 46 ஆண்கள் செய்தவை. அதுதான் 96 சதவீதம். ஆனால் மொத்தமே 11 உரையாடல்தான். அதை வைத்து உலகத்தையே அளக்கக் கூடாது. 1998இல் ஆண்டர்சனும் லீப்பரும் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மொத்த வித்தியாசம் சிறியதாகவே இருந்தது. ஆனால் ஒன்று: "ஆமாம் ஆமாம்" என்று ஒத்து ஊதுகிற குறுக்கீட்டை ஒதுக்கிவிட்டு, பேச்சைப் பிடுங்கிக்கொள்கிற குறுக்கீட்டை மட்டும் பார்த்தால் வித்தியாசம் கூடுகிறது.

96 சதவீதத்தை நாம் மேடையில் சொல்லி, எதிரில் இருப்பவர் 11 உரையாடல் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், நம் பக்கத்து நல்ல சான்றுகளும் சேர்ந்து அடிபட்டுப் போகும். அதனால்தான் சொல்கிறேன்.

நீங்கள் குறுக்கிட்டதை நினைத்து வருந்துகிறீர்கள் என்றால் நாளைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு ஆய்வு தேவையில்லை.

—

குழு ஊக்குநர், தண்டையார்பேட்டை
திங்கள், இரவு 8:20

மகளிர் சுயஉதவிக் குழுக்களோடு பல வருடமாக வேலை செய்கிறேன். செல்வி சொன்ன பாய், நாற்காலி விஷயத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் குழுக் கூட்டத்தில் எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்காருவோம். யார் தவணை கட்டவில்லை, யாருக்கு அவசரம், யார் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் என்று ஆளாளுக்குப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள். வங்கியிலிருந்து அதிகாரி வருகிற நாளில் அவருக்கு ஒரு நாற்காலி போடுவோம். அந்த நாற்காலி வந்ததும் வட்டம் தானாகவே வரிசையாக மாறிவிடும். எல்லோரும் அவரைப் பார்த்து உட்காருவார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. குழுத் தலைவி மட்டும் பேசுவார், மீதி எல்லோரும் தலையாட்டுவார்கள். வருகிற அதிகாரி பெண்ணாக இருந்தாலும் இதேதான். ஆகவே ஆண், பெண் என்பதோடு முடிகிற விஷயம் இல்லை இது.

1950களில் அமெரிக்காவில் ஸ்ட்ராட்பெக் குழுவினர் நடத்திய மாதிரி ஜூரி ஆய்வைப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னார்கள். ஜூரி என்றால் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற பொதுமக்கள் குழு. ஒரு மேசையைச் சுற்றி ஜூரிகளை உட்காரவைத்து, உங்களில் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுங்கள் என்றபோது மேசையின் இரண்டு முனையில் இருந்தவர்களுக்கே வாய்ப்பு அதிகம். பெண்கள் மிகக் குறைவாகவே தேர்வானார்கள். வசதியான வேலையில் இருந்தவர்கள் நிறையப் பேசினார்கள், அவர்கள் பேச்சே எடுபட்டது. முனை நாற்காலியில் தானாகப் போய் உட்காருபவர் யார் என்று பாருங்கள், அதிலேயே பாதி தேர்தல் முடிந்துவிடுகிறது.

பெரம்பூர் ஐயா, கோபப்படாதீர்கள். "பேசுங்கள் அம்மா" என்று நீங்கள் நாற்காலியிலிருந்து சொல்லும்போது, இருபது பேர் திரும்பிப் பாயைப் பார்ப்பார்கள் இல்லையா? அந்த நிமிடத்தில் யாருக்குப் பேச வரும்?

—

மேற்கு மாம்பலத்து விருந்தாளி
திங்கள், இரவு 10:00

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு வந்தாகிவிட்டது. திரு.வி.க. நகரிலிருந்து போன பிரியா 2022இல் 28 வயதில் சென்னை மேயர் ஆனார். இன்னும் பாய், நாற்காலி என்று பேசுவது பழைய கதை இல்லையா?

—

வியாசை பாரதி
செவ்வாய், காலை 9:10

பழைய கதை இல்லை சார். சென்னை மாநகராட்சியின் முதல் தலித் பெண் மேயர் நம் வடசென்னையிலிருந்து போனது எனக்குப் பெருமைதான். பதவியில் ஒரு பெண் உட்கார்ந்தால் கீழே என்ன மாறுகிறது என்றும் ஆய்வு இருக்கிறது, முடிவு நல்லதும் கெட்டதும் கலந்தது.

நம் தமிழ்நாட்டுக் கிராம சபைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி மூவரும் கிராம சபைகளில் யார் என்ன பேசினார் என்று எழுத்தில் எடுத்து, கணினி வைத்து ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். பெண்கள் பேசுவது குறைவு. பேசினாலும் அந்த விஷயம் சபையின் பேச்சாக மாறுவது குறைவு. அதிகாரி அதற்குச் சம்பந்தப்பட்ட பதில் சொல்வதும் குறைவு. இந்த மூன்றையும் தனித்தனியாக எண்ணியதுதான் அந்த ஆய்வின் சிறப்பு. கன்னியம்மா அத்தை பேசினார், ஆனால் பேச்சு ஆகவில்லை, பதிலும் வரவில்லை. முதல் படியைத் தாண்டியும் மற்ற இரண்டில் மாட்டிக்கொண்டார். அதே ஆய்வில் ஊராட்சித் தலைவர் பெண்ணாக இருந்த இடங்களில் பெண்கள் கேட்டதற்குப் பதில் கிடைப்பது கூடியிருந்தது.

மேற்கு வங்கத்தில் இன்னொன்று. ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து ஊர்மக்களிடம் போட்டுக்காட்டி மதிப்பெண் கேட்டார்கள். லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழு, 2009இல் வந்தது. பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவாகப் போட்டார்கள். ஒதுக்கீட்டால் பெண் தலைவர் வந்திருந்த ஊர்களில் அந்த இடைவெளி போய்விட்டது. ஆனால் உங்களுக்கு ஆண் தலைவர் பிடிக்குமா, பெண் தலைவர் பிடிக்குமா என்று நேராகக் கேட்டால் அந்த ஊர்களிலும் ஆண் பக்கமே சாய்ந்தார்கள். திறமை தெரிந்துவிடுகிறது, விருப்பம் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

—

சீருடை ஆசிரியை, ராயபுரம்
செவ்வாய், மாலை 6:30

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் தெருச் சங்கத்தில் எனக்குப் பேச இடம் கிடைக்கிறது, "டீச்சர் சொல்லட்டும்" என்பார்கள். அதே கூட்டத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே இட்லிக்கடை போடுகிற அக்காவுக்கு அந்த மரியாதை இல்லை. குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எந்த முனையில் நாய் கலைக்கிறது என்று அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது.

எனக்குக் கிடைக்கிற இடத்தைப் பார்த்துத்தான் "பெண்கள் பேசுகிறார்களே" என்று கணக்குக் காட்டுகிறார்கள். அந்த இடம் டீச்சருக்குக் கொடுத்தது, பெண்ணுக்குக் கொடுத்தது இல்லை. சாதியும் இதில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் நாம் சுற்றிச் சுற்றி வருகிறோம். ஒருவர் பேச வாயைத் திறக்குமுன்னே எந்தக் குப்பம், எந்தத் தெரு என்று பார்த்துவிடுகிறார்கள். படிப்பு, வேலை, சாதி, ஆண் பெண் எல்லாம் சேர்ந்துதான் ஒருவருடைய எடை என்று பாரதியின் பாடத்திலும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

—

வியாசை பாரதி
செவ்வாய், இரவு 9:00

இருக்கிறது டீச்சர். எல்லா அடையாளங்களையும் மனம் கூட்டிக் கழித்து ஒரே எடையாக ஆக்கிக்கொள்கிறது என்றுதான் பெர்கர் குழுவினர் சொல்கிறார்கள்.

இதையே மேலும் எடுத்துப்போன செசிலியா ரிட்ஜ்வே 1982இல் ஒன்று செய்தார். ஆண்கள் நிறைந்த குழுவில் ஒரு பெண், எனக்கு வேண்டும் என்ற தோரணையில் பேசினால் எடுபடவில்லை. நம் எல்லோருக்கும் நல்லது என்ற தோரணையில் பேசினால் செல்வாக்கு நன்றாகக் கூடியது. ஆண்களுக்கு எப்படிப் பேசினாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

—

கடலோரச் செல்வி
செவ்வாய், இரவு 9:35

இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது பாரதி. அத்தை பேசியதே எல்லோருக்கும் நல்லதுக்குத்தானே? வீட்டுக்கு ஐந்நூறு மிச்சமானது அவருக்கு மட்டுமா? இன்னும் எவ்வளவு குழைந்து பேச வேண்டும்? பெண்களுக்குத்தான் எப்போதும் பயிற்சி. தைரியமாகப் பேசுவது எப்படி, நிமிர்ந்து உட்காருவது எப்படி. கேட்கிறவர்களுக்கு ஒரு வகுப்பு ஏன் யாரும் வைப்பதில்லை?

—

கேரம் மாஸ்டர், வியாசர்பாடி
புதன், இரவு 12:10

செல்வி தங்கச்சி, அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்து இளவழகி உலக சாம்பியன் ஆனார். புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா 2024இல் அமெரிக்காவில் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். அதனால் பெண் பிள்ளைகள் விளையாட வருவதில் இங்கே குறை இல்லை.

ஆனால் இரட்டையர் ஆட்டத்தில் ஒரு பையனையும் பெண்ணையும் சேர்த்துவிட்டால், எந்தக் காயை எடுக்கலாம் என்று பையன்தான் சொல்வான். சுமாராக ஆடுகிற பையனும் நன்றாக ஆடுகிற பெண்ணுக்குச் சொல்வான், அவளும் கேட்பாள். தோற்றுப்போன பிறகு என்னிடம் வந்து "நான் முதல்ல அந்தக் கட்டைத்தான் அடிக்க நெனச்சேன் மாஸ்டர்" என்பாள். நீ சொல்லு, தைரியமாகச் சொல்லு என்று பெண்களிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். பலன் இல்லை.

ஒரு பேராசிரியர் எங்கள் போட்டியைப் பார்க்க வந்தபோது எலிசபெத் கோஹன் என்பவர் செய்த சோதனையைச் சொன்னார். 1972, அமெரிக்கா. கறுப்பினப் பையன்களும் வெள்ளையினப் பையன்களும் கலந்த நால்வர் குழுவில் வெள்ளைப் பையன்கள் சொல்வதே நடந்தது. கோஹனும் ரோப்பரும் கறுப்பினப் பையன்களுக்கு ரேடியோ ஒன்றைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அதனால் அவர்களுக்குத் தன்மேல் நம்பிக்கை வந்தது, ஆனால் அது மட்டும் போதவில்லை. அந்தப் பையன்கள் தங்கள் கையால் வெள்ளைப் பையன்களுக்கு ரேடியோ பூட்டக் கற்றுக்கொடுத்து, எதிராளியின் மனக்கணக்கும் மாறிய பிறகுதான் அடுத்த விளையாட்டில் பழைய வரிசை உடைந்தது. கேட்கிறவனுக்கு வைத்த வகுப்பு இதுதான் தங்கச்சி.

அதை நான் எங்கள் போர்டில் செய்தேன். மூன்று மாதத்துக்குப் புதிதாக வருகிற பையன்களுக்குக் கட் ஷாட்டும், ரெட் போட்டு ஃபாலோ எடுப்பதும் (சிவப்புக் காயைப் போட்டதும் அடுத்து தன் காய் ஒன்றையும் போடுவது) கற்றுக்கொடுக்கிற வேலை மூத்த பெண்களுக்கு மட்டும். ஸ்டிரைக்கரைக் கோட்டில் எப்படி வைப்பது, விரல் நகம் படாமல் எப்படித் தள்ளுவது என்று அவன் விரலைப் பிடித்துத் திருத்துவது ஒரு பதினைந்து வயதுப் பெண். முதல் வாரம் பையன்கள் நெளிந்தார்கள், ஒருவன் வராமலேயே நின்றுவிட்டான். இப்போது இரட்டையர் ஆட்டத்தில் "அக்கா, எதை எடுக்கலாம்?" என்று அவர்கள் கேட்பது என் காதில் விழுகிறது.

—

வியாசை பாரதி
புதன், காலை 8:00

மாஸ்டர், கோஹன் பாடத்தைப் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன், இவ்வளவு புரியவில்லை. நன்றி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1983இல் பியூவும் வார்மனும் பெண்களை வைத்து இதையே பார்த்தார்கள். இந்த வேலைக்கும் ஆணா பெண்ணா என்பதற்கும் சம்பந்தமில்லை என்று வெறுமனே வாயால் சொன்னால் எதுவும் மாறவில்லை. ஆணைவிடப் பெண் நன்றாகச் செய்கிறார் என்று கண்ணெதிரே காட்டிய பிறகுதான் ஆண்கள் சமமாக மதித்தார்கள். அதாவது சமம் என்ற இடத்துக்கு வரவே பெண் ஒரு படி மேலே இருக்க வேண்டியிருந்தது. அதில் நியாயம் இல்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

கூட்டத்தின் விதியை மாற்றினாலும் ஆள் மாறுகிறார். டாலி மெண்டல்பெர்க், கிறிஸ்டோஃபர் கார்போவிட்ஸ் குழு 2012இல் 94 ஐவர் குழுக்களை வைத்துப் பார்த்தது. பெரும்பான்மை வாக்கு என்றால், பெண்கள் குறைவாக இருக்கிற குழுவில் அவர்கள் பேச்சு மிகவும் சுருங்கியது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்று விதி வைத்தபோது அதே நிலையில் இருந்த பெண்கள் கூடுதலாகப் பேசினார்கள். ஒவ்வொருவர் சம்மதமும் வேண்டும் என்றாகும்போது அவரிடம் கேட்டே ஆக வேண்டும் இல்லையா?

—

பெரம்பூர் செயலர்
வெள்ளி, காலை 6:30

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். கேரம் மாஸ்டர் எழுதியதைப் படித்த பிறகு சங்கத்தின் பழைய தீர்மானப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்து. பதினோரு வருடத்தில் "இன்னார் கருத்து தெரிவித்தார்" என்று நான் எழுதிய இடங்களில் ஒரு பெண் பெயரும் இல்லை. வருகைப் பதிவில் பெண்கள் கையெழுத்தும் கைநாட்டும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. யாரும் பேசவில்லை என்றுதான் இத்தனை நாளும் நம்பினேன். பேசினார்கள், எனக்கு நினைவிருக்கிறது. தெருவிளக்கு இல்லாத முனையைச் சொன்னது ஒரு அம்மாள்தான். எழுதாமல் விட்டது என் பேனா.

செல்வி அம்மா, கூச்சம் என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். அடுத்த கூட்டத்தில் மூன்று விஷயம் செய்யப் போகிறேன். எல்லோரும் தரையில் ஜமக்காளத்தில் வட்டமாக, முட்டி வலிக்கிறவர்களுக்கு மட்டும் நாற்காலி. விவாதம் தொடங்குமுன் ஒரு சுற்று, ஒவ்வொருவரும் ஒரு வாக்கியமாவது. யார் முதலில் சொன்னாரோ அவர் பெயர் புத்தகத்தில் ஏறும்.

—

குழு ஊக்குநர், தண்டையார்பேட்டை
வெள்ளி, காலை 10:15

ஐயா, சுற்றை உங்களிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள். வாசல் பக்கம் கடைசியாக வந்து உட்கார்ந்தவரிடமிருந்து ஆரம்பியுங்கள். நேரத்தையும் பாருங்கள். ஏழு மணி என்பது சமையல் நேரம். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வைத்தால் குழம்பை இறக்கிவிட்டு வருவார்கள்.

—

கடலோரச் செல்வி, காசிமேடு
ஞாயிறு, இரவு 10:20

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பெரம்பூர் ஐயா எழுதியதை எங்கள் செயலரிடம் காட்டினேன், படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்று கூட்டத்தை நான்கு மணிக்கு வைத்தார்.

எல்லாம் சரியாக நடக்கவில்லை. வட்டம் பாதியில் உடைந்துபோய், நான்கு ஆண்கள் எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார்கள். சுற்று வந்தபோது பல பெண்கள் "அவங்க சொன்னதுதான்" என்றார்கள். லிஃப்ட் பற்றிப் பேச்சு வந்ததும் பழையபடி மூன்று பேர் குரல்தான் மேலே இருந்தது.

சம்ப் கழுவுவது பற்றிப் பேச்சு வந்தது. அத்தை வாயைத் திறந்தார். லாரித் தண்ணி வருகிற நாளுக்கு முந்தின நாள் கழுவினால் வீணாகாது, வெள்ளிக்கிழமை வையுங்கள் என்றார். சுவரோரம் நின்ற ஒருவர் வேறு எதையோ ஆரம்பித்தார். இரண்டாம் மாடிக்காரர், அன்றைக்கு வால்வு பற்றிச் சொன்ன அதே ஆள், கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "இருப்பா, அம்மா சொல்றது நல்லா இருக்கு. வால்வையும் அவங்கதான் முதல்ல சொன்னாங்க" என்றார். அவருக்கு அது தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

செயலர் பேனாவை எடுத்தார். "மீன்காரம்மா" என்று எழுதப்போய் நிறுத்திவிட்டு, "அம்மா பேர் என்ன?" என்று கேட்டார். ஒன்பது வருடமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்கள். அத்தை என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"கன்னியம்மாள்" என்றார். காசிமேட்டில் விலை சொல்கிற குரலில்.

செயலர் எழுதி முடித்ததும் அத்தை எழுந்து போய்ப் புத்தகத்தை எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்க வராது. எது என் பேர் என்று கேட்டு, அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.